கதிர்வீச்சுப் பட்டையைக் கவனிக்க வரும் பிள்ளைகளுக்கு

1. கைகர் கவுண்ட்டர் செய்யப் பாகம் தேடி ரிச்சி தெருவுக்கு வரும் பிள்ளைகள் சிலர், அப்படியே சிந்தாதிரிப்பேட்டைக்குள் நடந்து என் வீட்டுக்கும் வருகிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள், கண்ணுகளா. ஆனால் அதில் கேட்கும் டிக் டிக் சத்தம் மண்ணின் கதிரியக்கமும் காஸ்மிக் கதிரும் எழுப்புவது. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிக் கதிர்வீச்சுப் பட்டைகளாகச் சுற்றும் துகள்கள் தரைக்கு வருவதில்லை.

2. கருவி பூஜ்ஜியம் காட்டினால் சந்தேகப்படுங்கள். 1958 ஜனவரி 31 அன்று கிளம்பிய எக்ஸ்ப்ளோரர்-1இல் ஜேம்ஸ் வான் ஆலன் வைத்த கைகர் குழாய், உயரே போனதும் எண்ணுவதை நிறுத்திவிட்டது. துகள்கள் அவ்வளவு நெருக்கமாக வந்து அதைத் திணறடித்திருந்தன.

3. உள்பட்டையையும் வெளிப்பட்டையையும் சேர்த்துப் பேசாதீர்கள். உள்ளே முக்கியமாகப் புரோட்டான், நிதானமாக மாறும். சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் மேல்வளிமண்டலம் சூடேறி உப்பும். பட்டையின் அடிவிளிம்பில் உள்ள புரோட்டான்கள் அந்தக் காற்றில் மோதிக் குறையும். வெளிப்பட்டை எலக்ட்ரான்களோ சில மணி நேரத்தில் தலைகீழாகும்.

4. காந்தப்புயல் வந்தால் எலக்ட்ரான் கூடும் என்று எழுதிவிடாதீர்கள். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். 1989 முதல் 2000 வரையிலான 276 புயல்களை ஆராய்ந்தபோது, பாதிக்குச் சற்று மேல் எலக்ட்ரானைக் கூட்டியிருந்தன. ஐந்தில் ஒன்று குறைத்திருந்தது. மீதி பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஒரே புயலில் வரவும் உண்டு, செலவும் உண்டு. கோரஸ் எனப்படும் பிளாஸ்மா அலைகள் எலக்ட்ரானை முடுக்கிவிடும். அதே சமயம் சூரியக் காற்று காந்தப்புலத்தை அழுத்த, வெளிவிளிம்பில் இருப்பவை தப்பி ஓடும். சில வளிமண்டலத்தில் விழுந்து அழியும். மிச்சம்தான் நாம் பார்க்கும் எண்ணிக்கை.

5. 2024 மே மாதப் புயலைப் படியுங்கள். லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது எல்லோருக்கும் தெரியும். அதன்பின் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே புதிதாக இரண்டு பட்டைகள் உருவாகி, மாதக்கணக்கில் நீடித்ததைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் சிறு செயற்கைக்கோள் ஒன்று கண்டது. ஒன்று எலக்ட்ரான், மற்றது புரோட்டான்.

6. அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள் தரும் எலக்ட்ரான் வரைபடம் இலவசம். அதில் ஒவ்வொரு கட்டமும் பத்து மடங்கு. தினமும் ஓர் ஏற்ற இறக்கம் தெரியும். அதைப் புயல் என்று நினைக்காதீர்கள். கிழக்குப் பக்கத்து கோஸ் செயற்கைக்கோள் நிற்கும் இடத்தில் நண்பகலில் கோடு ஏறும், அப்போது நமக்கு இரவு பத்தரை மணி. நேற்றைய நண்பகலோடு இன்றைய நண்பகலை ஒப்பிடுங்கள்.

7. சூரியப்புள்ளி குறைந்துவிட்டதென்று கவனிப்பதை விடாதீர்கள். வெளிப்பட்டை கொதிப்பது பெரும்பாலும் சூரியச் சுழற்சி இறங்கும் ஆண்டுகளில்தான். கரோனா துளைகளிலிருந்து பாயும் வேகக் காற்று, சூரியன் சுழல்வதால், 27 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். காலண்டரில் குறித்து வையுங்கள்.

8. 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் செயற்கைக்கோள்கள் இரண்டு செயலிழந்தன. பல நாள் உயர்ந்தே இருந்த எலக்ட்ரான்கள் உள்ளே ஊடுருவி, மின்காப்புப் பொருளில் மின்னேற்றமாகச் சேர்ந்திருந்தன. நம் ஜிசாட்களும் அதே 36,000 கி.மீ. உயரத்தில்தான் நிற்கின்றன. அதனால் புயல் ஓய்ந்த மறுநாளே குறிப்பேட்டை மூடாதீர்கள். இன்னும் பத்து நாளாவது எழுதுங்கள்.