தையற்கலை பழகுவோம்: கைலி முதல் ரவிக்கை வரை

தீபாவளி நெருங்கும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் உள்ள தையற்கடைகளில் துணிகள் மலைபோற் குவிந்துவிடுகின்றன. திருநாளுக்குப் பல நாட்கள் இருக்கும்போதே, "இனி எடுப்பதற்கில்லை" என்று தையற்காரர் கைவிரித்துவிடுவார். சேலையை விரும்பி வாங்கிவிட்டு, அதற்கேற்ற ரவிக்கை தைத்துக்கொள்ள வழியின்றித் திரும்பும் தாய்மார்கள் பலர். தோட்டத்திலிருந்து பட்டணத்திற்கு வந்து, துணி கொடுக்க ஒரு பயணம், அளவு சரிபார்க்க ஒரு பயணம், வாங்கிச் செல்ல ஒரு பயணம் என்று அலையும் குடும்பத்திற்குத் தையற்கூலியோடு வழிச்செலவும் சேர்ந்துகொள்கிறது. பால் வெட்டை நம்பி வாழும் வீட்டில் இது சிறு செலவன்று. இலையுதிர் காலத்தில் மரத்தில் பால் குறையும். மழை நாட்களில் வெட்டு நின்றுபோகும். ஆனால் பிள்ளைகள் வளர்வது மட்டும் நிற்பதில்லை.

ஆயத்த ஆடைகள் மலிவாகக் கிடைக்கும் இக்காலத்தில் தையல் எதற்கு என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. பனியன் சட்டையை வீட்டில் தைப்பது வீண் வேலை. கடையில் வாங்குவதே சிக்கனம். ஆனால் கைலி, தலையணை உறை, உள்பாவாடை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, நிரையில் அணியும் நீண்ட கைச் சட்டை, இவை எல்லாவற்றுக்கும் மேலாக உடலுக்குப் பொருந்தும் ரவிக்கை ஆகியவற்றை வீட்டிலேயே தைத்துக்கொண்டால் உறுதியும் உண்டு, மிச்சமும் உண்டு. கிழிந்ததைத் தைத்தல், நீளத்தைக் குறைத்தல், இறுகியதைத் தளர்த்தல் ஆகிய சிறு வேலைகளையும் இவற்றோடு கணக்கிடல் வேண்டும்.

புதிதாகப் பழகுவோர் பலர் முதல் நாளே ரவிக்கைத் துணியில் கத்தரிக்கோலை வைத்துவிடுகின்றனர். பெண்கள் ஆடைகளில் வெட்டுவதற்கு மிகவும் கடினமானது ரவிக்கையே. அரை அங்குலம் பிசகினாலும் துணி பாழாகும். "நமக்கு இது வராது" என்ற எண்ணமும் அன்றோடு மனத்தில் குடிகொண்டுவிடும். எனவே நேர்த்தையலில் தொடங்கி, சாய்வுத் தையலைப் பழகி, வளைவான வெட்டுக்கு இறுதியில் வருதல் வேண்டும்.

வேண்டிய பொருட்கள்

அளவு நாடா ஒன்று, துணிக்கென்றே ஒதுக்கிய கத்தரிக்கோல் ஒன்று, கைத்தையல் ஊசிகள், குண்டூசிகள், சாக்குக்கட்டி, வெள்ளை நூலும் கறுப்பு நூலும் இருந்தால் போதும். துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டினால் அதன் முனை மழுங்கிவிடும். மாதிரித் தாள் வெட்ட வேறு கத்தரிக்கோல் வைத்துக்கொள்க.

நமது நாட்டில் துணி மீட்டர் கணக்கில் விற்கப்பட்ட போதிலும், வீட்டிலுள்ள பெரியோர் இன்னும் கெஜக் கணக்கே சொல்வர். ஒரு கெஜம் 36 அங்குலம். ஒரு மீட்டர் 39 அங்குலத்திற்குச் சற்றுக் கூடுதல். பாட்டி சொன்ன இரண்டு கெஜத்திற்கு இரண்டு மீட்டர் வாங்கினால் துணி மிஞ்சுமேயன்றிக் குறையாது. துணியின் அகலத்தையும் கேட்டறிதல் வேண்டும். 36 அங்குல அகலமும் உண்டு. 45 அங்குலமும் உண்டு. அதற்கு மேலும் உண்டு. நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவோர் வீட்டிற்கு வந்து வருந்துவர்.

பருத்தித் துணியாயின், வெட்டுவதற்கு முன் ஒருமுறை நீரில் நனைத்து உலர்த்துக. சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். இன்னுமொன்று: வேலை முடிந்து வந்ததும் கைகளை நன்கு கழுவி, உடை மாற்றிக்கொண்ட பின்னரே துணியைத் தொடுதல் நலம். துணியில் பட்டுக் காய்ந்த ரப்பர் பால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்பதை நமது மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதற்பாடம்: கைலி மூட்டுதல்

ஒரே ஒரு நேர்த்தையலில் முடிந்துவிடும் ஆடை கைலி. இதைவிடச் சிறந்த முதற்பாடம் இல்லை. கையினாலேயே தைக்கலாம். துணியின் இரு முனைகளையும் சேர்த்து, நல்ல பக்கம் வெளியே தெரியுமாறு வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒரு தையல் இடுக. பிசிறுகளை வெட்டிவிட்டு, துணியை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, அந்தத் தையலை உள்ளடக்கி, சற்றே அதிக இடம் விட்டு இரண்டாவது தையல் இடுக. முதலில் வெட்டிய முனை முழுவதும் உள்ளே மறைந்துவிடும். இவ்வாறு மூட்டிய கைலியில் நூல் பிரிந்து வராது. பல முறை துவைத்தாலும் தாங்கும். இதே முறையில் தலையணை உறையின் இரு பக்கங்களையும் தைக்கலாம்.

இயந்திரத்தில் பழகுதல்

கால்மிதி இயந்திரமானால், முதல் இரண்டு நாட்கள் நூலே கோக்க வேண்டாம். பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகத்திலிருந்து கோடிட்ட தாளொன்றைக் கிழித்து, அதன் கோட்டின்மீது வெறும் ஊசியை ஓட்டிப் பழகுக. ஊசித் துளைகள் கோட்டை விட்டு விலகாதபோது கையும் காலும் ஒத்து இயங்குகின்றன என்று பொருள். சக்கரத்தை எப்போதும் தம்மை நோக்கியே சுற்றுதல் வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துவிடும். துணியைப் பின்னாலிருந்து இழுத்தலாகாது. இயந்திரமே துணியை நகர்த்திச் செல்லும். நமது கை வழிகாட்டினால் போதும். இழுப்பவர்களின் ஊசிதான் அடிக்கடி ஒடிகிறது.

பாப்ளின் போன்ற நடுத்தரத் துணிக்கு 14 ஆம் எண் ஊசியும், மெல்லிய துணிக்கு 11 ஆம் எண்ணும், காக்கி போன்ற தடித்த துணிக்கு 16 ஆம் எண்ணும் ஏற்றவை. தையலின் அடிப்பக்கம் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால், பலர் அடியிலுள்ள பாபினைப் பழிக்கின்றனர். பெரும்பாலும் குற்றம் மேல் நூலைக் கோத்த முறையிலேயே இருக்கும். முழுவதையும் எடுத்துவிட்டு மீண்டும் கோத்துப் பார்க்க வேண்டும். இயந்திரத்திற்குரிய எண்ணெயையே இடுதல் வேண்டும். தேங்காய் எண்ணெய் இட்டால் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும்.

உள்பாவாடை

நேர்த்தையல் கைவந்த பின் அடுத்த பாடம் உள்பாவாடை. 36 அங்குல அகலமுள்ள, பூவேலையற்ற பாப்ளின் துணியில் இரண்டேகால் மீட்டர் வாங்குக. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 36 அங்குலம் வேண்டுமெனில், நாடா கோக்கும் மடிப்புக்கு ஒன்றரை அங்குலமும் அடிமடிப்புக்கு இரண்டு அங்குலமும் சேர்த்து, முப்பத்தொன்பதரை அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுக.

ஒவ்வொரு துண்டின் மேல் ஓரத்திலும் இடக்கரையிலிருந்து 13 அங்குலத்தில் ஒரு குறியும், கீழ் ஓரத்தில் அதே கரையிலிருந்து 23 அங்குலத்தில் மற்றொரு குறியும் இட்டு, இரண்டையும் சாய்கோட்டால் இணைத்து வெட்டுக. வலப்புறத் துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவும் மேலே 13, கீழே 23 என்றே அமையும். இரண்டு துண்டுகளிலிருந்து இவ்வாறு நான்கு பாகங்கள் கிடைக்கும். துணியில் ஒரு விரற்கடை கூட வீணாகாது. பூவேலைத் துணியாயின், திருப்பிய பாகங்களில் பூக்கள் தலைகீழாகத் தெரியும். அதனாலேயே பூவேலையற்ற துணி என்றோம்.

நான்கையும் இணைக்கும்போது, ஒரு பாகத்தின் சாய்ந்த ஓரத்தை அடுத்த பாகத்தின் நேரான கரையோடு சேர்த்தே தைத்தல் வேண்டும். சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும் இயல்புடையது. இரு சாய்ந்த ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் நாளடைவில் தொங்கிப்போகும். நேர்க்கரை அதனைப் பிடித்து நிறுத்தும். மேலிருந்து கீழ்நோக்கித் தைத்து வந்தால், சாய்ந்த ஓரம் கீழே ஓர் அங்குலத்திற்குச் சற்று அதிகமாக மிஞ்சும். அதனை வெட்டிச் சமன் செய்த பின்னரே அடிமடிப்பு மடிக்க வேண்டும். தையலுக்கு விட்டது போக இடுப்புப் பக்கம் ஏறக்குறைய 48 அங்குலச் சுற்றளவு வரும். 40 அங்குல இடைக்குக் கீழ்ச் சுற்றளவுடையோர்க்கும் இது தாராளமாக நுழையும். நாடா இழுத்துக் கட்டினால் சுருக்கம் சீராக அமையும். உடல் பெருத்தவர்கள் 14, 22 என்று குறித்துக்கொள்ளலாம்.

பள்ளிச் சீருடை

ஆரம்பப் பள்ளி மாணவியரின் கருநீலப் பினபோர் ஆடையைப் புதிதாகத் தைப்பது சற்றுக் கடினமாயினும், அதனைத் திருத்துவது எளிது. தைக்கும்போதே அடிமடிப்பில் மூன்று அங்குலம் விட்டு வைத்தால், பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். அதன்மீது ஒரு வரி தையலிட்டால் அது அலங்காரம் போலவே தோன்றும். அக்காளின் ஆடை தங்கைக்கு இறங்குவதும் இவ்வாறே.

ரவிக்கை

இனி ரவிக்கைக்கு வரலாம். நன்கு பொருந்திய பழைய ரவிக்கையொன்றைத் தேர்ந்து, அதன் தையல்களைக் கவனமாகப் பிரித்து, முன்பாகம், பின்பாகம், கை எனத் தனித்தனியே தேய்த்து விரித்து, செய்தித்தாளின்மீது வைத்து வரைந்துகொள்க. 'டாட்' எனப்படும் பிடிப்புகள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்பது பழைய ஊசித் துளைகளிலிருந்தே தெரியும். அவற்றையும் தவறாமல் குறிக்க வேண்டும். பழைய ரவிக்கையே ஆசிரியராகிவிடுகிறது. அத்தாளை வைத்து முதலில் பழைய வேட்டியிலோ கிழிந்த படுக்கை விரிப்பிலோ வெட்டி, ஓட்டுத்தையலிட்டு அணிந்து பார்க்க வேண்டும். அக்குள் இழுக்கிறதா, தோள் சரிகிறதா என்று பார்த்துத் தாளைத் திருத்திய பிறகே புதுத் துணியை வெட்டுக. பக்கத் தையலில் உட்புறம் ஓர் அங்குலம் விட்டு வைத்தால், பின்னாளில் உடல் பருத்தாலும் பிரித்துக்கொள்ளலாம்.

ஊசிப் பின்னல் பற்றியும் ஒரு சொல். நமது வெப்பத்திற்குக் கம்பளிச் சட்டை பின்னுவது, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்வோருக்கன்றி மற்றவர்க்குப் பயன் தராது. ஆயினும் பருத்தி நூலில் கைக்குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் பின்னலாம். மழை பெய்து வெட்டு நின்ற பொழுதில் விளக்கடியில் அமர்ந்து செய்வதற்கு உகந்த வேலை அது.

ஆண்களும் பழகலாம்

தையல் பெண்களுக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது, தைப்போரைத் 'துன்னகாரர்' என்னும் பெயரால் அவர்களோடு சேர்த்தே கூறுகிறது. இன்றும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் ஆடவர்களைக் காணலாம். பள்ளி முடித்த மகனும் தாயோடு அமர்ந்து பழகுவதில் இழுக்கொன்றுமில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் எவ்வாறு மாறின என்பதைப் பலர் கண்ணாரக் கண்டுள்ளனர். சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் 1970களில் தொடங்கி சுபாங் ஜெயா நகரம் எழுந்தது. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டத்து நிலத்திலும் வீடமைப்புப் பகுதி தோன்றியது. தோட்டம் நகரமாகும்போது பால் வெட்டும் கத்திக்கு வேலை இல்லாமற் போகிறது. ஊசியை எங்கு வேண்டுமானாலும் கொண்டுசெல்லலாம்.

எங்கே கற்பது?

அண்டை வீட்டில் தைக்கத் தெரிந்த அக்காள் ஒருவர் இருந்தால் அதுவே முதல் வகுப்பு. முறையாகக் கற்க விழைவோர்க்கு வழிகள் உண்டு. 2001 ஆம் ஆண்டு முதல் நாட்டில் தொடங்கப்பட்ட சமூகக் கல்லூரிகள் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகின்றன; அருகிலுள்ள கல்லூரியில் தையல் வகுப்பு உள்ளதா என்று நேரில் கேட்டறிக. கோலாலம்பூரில் 1913 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒய்.டபிள்யூ.சி.ஏ. சங்கம், வருமானம் குறைந்த குடும்பத்துப் பெண்களுக்குத் தையலும் உள்ளிட்ட தொழிற்பயிற்சிகளை அளித்து வந்துள்ளது. தொழிலாகவே மேற்கொள்ள எண்ணும் இளையோர், மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் பயிற்சி எது என்பதை முதலில் விசாரித்துச் சேர்தல் வேண்டும். சான்றிதழ் இருந்தால் தொழிற்சாலைகளில் வேலை தேட உதவும்.

இயந்திரம் வாங்குவதற்கு அவசரம் வேண்டாம். ஆறு மாதம் இரவல் இயந்திரத்தில் பழகிய பின், விருப்பம் குன்றாதிருந்தால் வாங்கலாம். தவணை முறையில் வாங்குவோர், மாதத் தவணையை மட்டும் பாராது, எல்லாத் தவணைகளையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். பழைய கால்மிதி இயந்திரமாயின், கடையிலேயே அமர்ந்து இரண்டு மடிப்புப் பாப்ளின் துணியில் ஒரு முழம் தைத்துப் பார்த்து, தையல் மேலும் கீழும் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் விலை பேசுக.

பிறர் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கத் தொடங்குவோர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், அளவு, துணி பெற்ற நாள், கொடுக்கும் நாள், கூலி ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். தீபாவளிக்கு எத்தனை ரவிக்கை தைக்க இயலுமோ அத்தனைக்கு மட்டுமே ஒப்புக்கொள்க.