பார்வை பார்த்துத் தப்பியவர்கள்

வன்னியில் பாம்புக்கடி பற்றிப் பேச்செடுத்தால், இந்தக் கதையைச் சொல்ல எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். வயலுக்குள் கடித்தது, விஷகடிப் பரியாரியாரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அவர் பார்வை பார்த்துத் தண்ணி ஓதிக் குடுத்தார், விடிய ஆள் எழும்பி நடந்தார். கதை பொய்யில்லை. ஆள் உண்மையாகவே தப்பியிருப்பார். அவரைத் தப்ப வைத்தது மந்திரம் என்பதுதான் பிழை.

2012, 2013 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. அதன்படி, இந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் 30,000 பேருக்கே உடம்பில் விஷம் ஏறுகிறது. 400 பேரளவில் இறந்துபோகிறார்கள். அதாவது, கடிபட்ட எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு விஷமே ஏறுவதில்லை. ஒன்றில் கடித்தது விஷமில்லாத பாம்பு. அல்லது விஷப்பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த ஐந்து பேரும் மந்திரத்துக்குச் சாட்சியாக ஊருக்குள் நடமாடுகிறார்கள். மற்ற மூவரில் யாராவது செத்தால் “அவற்ற விதி முடிஞ்சுது” என்று சொல்லிவிடுகிறோம். மந்திரம் தோற்றதாக எவரும் கணக்கு வைப்பதில்லை.

கடிபட்ட அந்த நேரத்தில் தான் ஐந்து பேரில் ஒருவரா, மூன்று பேரில் ஒருவரா என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பரியாரியாரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவரவில்லை. காசு வாங்காமல், நடுச்சாமத்தில் எழும்பி வந்து பார்த்தவர்கள் அவர்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் வன்னிக்கு மருந்து வருவது இறுகிப்போயிருந்த காலத்தில், காட்டோரத்துக் குடியிருப்புகளில் கதவைத் தட்ட வேறு வீடு இருக்கவில்லை. போர் முடிந்து மீள்குடியேறி, பற்றை மூடிக்கிடந்த காணிகளைத் துப்புரவாக்கிக் கொட்டில் போட்டவர்களுக்கும் அவரே கிட்ட இருந்தார். வைத்தியர் இல்லாத ஊரில் வேர்விட்ட நம்பிக்கை இது. இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் மாவட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன. இலவச 1990 அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்துவிட்டது. நிலைமை மாறிய பிறகும் நம்பிக்கை மாறாதிருப்பதற்கு உயிர்களை விலையாகக் கொடுக்கிறோம்.

“கடிச்ச இடத்தில வீக்கமில்லை, நோவில்லை. விஷமில்லாத பாம்புதான்.” கேட்கும்போதே எனக்கு நெஞ்சு பதறும் வார்த்தை இது. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீங்காது, நோகாது, பல் பதிந்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. அது வயலில் காத்திருந்து கடிக்கிற பாம்புமல்ல. இரவில் இரை தேடி வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கிறது. அவர் வயிற்று நோவோடு எழும்புவார். பிறகு கண் இமை தானாக விழும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது. பாம்பை யாரும் காணாததால் “காத்துப் பட்டிட்டுது” என்று வீபூதி போட்டு, நூல் கட்டி விடியும்வரை வைத்திருந்தால், மூச்சுத் தசைகளும் செயலிழந்துவிடும். அந்த நிலையில் அவர் செத்தவரைப்போலத் தெரிவார். ஆனால் நினைவு தப்பாமல் பக்கத்தில் நடப்பதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். செயற்கைச் சுவாச இயந்திரத்தில் வைத்தால் சில நாட்களில் தானாக மூச்சுவிடத் தொடங்குவார். ஓதிய தண்ணியை விழுங்கக் குடுத்தால் அது நுரையீரலுக்குள்தான் போகும்.

இதற்கு மலிவான காவல் நுளம்பு வலை. நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் நடந்த ஆய்வில், வலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்தது. 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பின், வலையை மடித்து வைத்துவிட்டவர்கள் அதை மீண்டும் எடுத்து, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். பாயைவிடக் கட்டில் இன்னும் நல்லது.

புடையன் வேறு வகை. அது வயல் வரம்பிலும் சூட்டடியிலும் கிடப்பது. அதன் விஷம் குருதியை உறையவிடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடிவாயை வெட்டி, வாயால் உறிஞ்சினால் விஷம் போய்விடும் என்பது இங்கே மிக ஆபத்தான நம்பிக்கை: உறையாத குருதி, வெட்டிய இடத்தால் நிற்காமல் ஓடும். கயிற்றால் இறுகக் கட்டினாலோ, விஷம் நிற்பதற்குப் பதிலாக அந்தக் கால் அழுகும்.

பரியாரியாருக்குச் செய்தி கொண்டுபோனவர் எந்தத் திசையில் நின்றார், என்ன சொல்லை முதலில் சொன்னார் என்று பார்த்து, ஆள் பிழைப்பாரா என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அதைவிடக் கொடியது தீட்டுக் கதை. மாதவிடாயில் இருக்கும் பெண்ணின் நிழல் பட்டால் விஷம் ஏறும் என்கிறார்கள். ஆள் இறந்துவிட்டால், கணவனையோ தகப்பனையோ இழந்து நிற்கும் பெண்ணின் தலையில் அந்தச் சாவையும் கட்டிவிடுகிறார்கள். விஷம் எவ்வளவு ஏறுகிறது என்பது பாம்பு இறக்கிய அளவில் இருக்கிறது. வீட்டுப் பெண்ணுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை ஆண்கள் எழும்பி நின்று சொல்லவேண்டும்.

புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கல் என்றால் வன்னியெங்குமிருந்து சனம் போகிறது. அந்தப் பக்தியோடு எனக்கு வழக்கில்லை. நாகபாம்பை அடிக்கக்கூடாது என்ற பயம் எலி தின்னும் ஒரு பிராணியைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் நேர்த்தி வைத்ததைச் செய்யாததால்தான் பாம்பு கடித்தது என்பதும், அடிபட்ட பாம்பு தேடி வந்து பழிவாங்கும் என்பதும் கடிபட்டவரையே குற்றவாளியாக்குகின்றன. ஆளைத் தேடிப் பழிதீர்க்கும் நினைவு பாம்புக்கு இல்லை. மிதித்தால் கடிக்கும்.

“ஆஸ்பத்திரி ஊசிதான் ஆளைக் கொல்லும்” என்ற பயத்தில் மட்டும் ஒரு துளி உண்மை இருக்கிறது. விஷமுறிவு மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவதால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். அதைச் சமாளிக்க வைத்தியர்களுக்குத் தெரியும். ஊசிக்கு முன் சிறிதளவு அட்ரினலின் குடுத்தால் இந்த ஆபத்து நன்றாகக் குறைகிறது என்று இலங்கை வைத்தியசாலைகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் விஷமுறிவு ஊசி போடுவதும் இல்லை. குருதி உறைகிறதா என்று ஒரு கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள், இமை விழுகிறதா என்று பார்ப்பார்கள், விஷக்குறி தெரிந்தால்தான் போடுவார்கள். குறி பிந்தியும் வரும் என்பதால் ஒரு நாளாவது வைத்திருப்பார்கள். “சும்மா படுத்திருக்கிறன்” என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வெளியேறாதீர்கள்.

கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். தூர நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் போதும். பிறகு 1990. ஊரில் இன்றும் மதிப்போடு இருக்கும் பரியாரியார்கள் வாசலில் வந்து நிற்பவரிடம் “முதல் அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, நானும் கூட வாறன்” என்று சொல்லட்டும். எந்தச் சுவரொட்டியையும்விட அவர்கள் சொல்லை ஊர் கேட்கும்.