காவலுக்கு என்ன கூலி?

சென்ற திங்கள் நமது சங்கக் கூட்டம் முடிந்து விடுதிக்குத் திரும்புகையில், வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர், "என்னப்பா, இரவெல்லாம் உங்கள் ஆய்வுக்கூடத்தில் விளக்கெரிகிறதே, கணிப்பொறி கணக்குப் போடுகிறதா, நீ போடுகிறாயா?" என்று கேட்டார். இருவருமே போட்டுத் தப்பாகப் போட்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திரவ ஆர்கானில் அணுக்கள் எவ்வாறு நகர்கின்றன என்பதைக் கணிப்பொறியில் நடத்திப் பார்ப்பது என் வேலை. அதற்கான நிரலை நான் சி மொழியில் எழுதினேன். அம்மொழியில் 'அசர்ட்' என்றொரு வசதி உண்டு. "இவ்விடத்தில் இது மெய்யாக இருந்தே தீரவேண்டும்" என்று நிரலுக்குள்ளேயே ஒரு காவலாளியை நிறுத்திவைப்பது அது. அக்கூற்று பொய்த்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் நின்றது என்றும் சொல்லும்.

இக்கருத்து இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1949ஆம் ஆண்டு ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் ஆலன் தூரிங் இதைப்பற்றிப் பேசினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு நீண்ட கூட்டல் கணக்கு. விடையை மட்டும் எழுதினால் சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் ஒரே மூச்சில் போட்டாக வேண்டும். ஒவ்வொரு பத்தியின் கூட்டுத்தொகையையும், அடுத்த பத்திக்குக் கொண்டுபோகும் இலக்கத்தையும் எழுதிவைத்தால் பத்தி பத்தியாகச் சரிபார்க்கலாம். இதைப் படித்தபோது என் தந்தையார் நினைவு வந்தது. பிழைப்பு தேடி மதுரைப் பக்கத்திலிருந்து இவ்வடபுலத்துக்கு வந்து மளிகைக் கடை வைத்தவர் அவர். இரவில் கல்லாக் கணக்கை அப்படித்தான் முடிப்பார்.

காவலாளிக்குக் கூலி உண்டு. என் நிரல் ஒருமுறை ஓடி முடிய 11 மணி நேரம் பிடித்தது. மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் கெடுவோ நெருங்கிவிட்டது. 'என்டிபக்' என்ற ஒரு சொல்லை வரையறுத்துத் தொகுத்தால் அத்தனை அசர்ட்டுகளும் மறைந்துவிடும் என்று அறிவேன். அப்படியே செய்தேன், தொகுப்பி தரும் வேகச் சீரமைப்பையும் கூட்டிக்கொண்டேன். 40 நிமிடத்தில் ஓடி முடிந்தது! மொத்த ஆற்றல் சற்றும் பிறழாமல் நேர்கோடாக நின்றது. மகிழ்ச்சியில் சுருக்கத்தை அனுப்பிவிட்டு உறங்கப் போனேன்.

மறுநாள் என் நெறியாளர் வரைபடத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்து, "இந்த இடம் ஏன் பூச்சியமாக இல்லை?" என்று கேட்டார். ஆர்கான் அணுவின் விட்டம் சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம். அதைவிட மிகக் குறைந்த தூரத்தில் இரண்டு அணுக்களின் மையங்கள் இருப்பதாக என் வரைபடம் காட்டியது. அணுக்கள் ஒன்றினுள் ஒன்று புகுந்து போயிருந்தன.

காரணம் ஒரே வரி. எந்த அணுவுக்கு எவை அண்டை அணுக்கள் என்ற பட்டியலை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் செயற்கூறு பிழையின்றி முடிந்ததா எனச் சோதிக்க, அதை அழைக்கும் வரியையே அசர்ட்டின் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். அசர்ட் மறைந்தபோது அழைப்பும் சேர்ந்து மறைந்தது. தொடக்கப் பட்டியலே கடைசிவரை நின்றது. புதிதாக நெருங்கிவந்த அணுக்கள் ஒன்றையொன்று அறியவேயில்லை. பட்டியலில் இருந்தவை மட்டும் ஒழுங்காகத் தள்ளிக்கொண்டதால் ஆற்றல் கோடு நேராகவே இருந்தது. வேகம் என்று நான் மகிழ்ந்ததில் ஒரு பகுதி, செய்யாமல் விட்ட வேலை!

அதன்பின்தான் கூலியைப் பொறுமையாக அளந்தேன். அந்த வரியைத் திருத்தி நான்கு விதமாக ஓட்டிப் பார்த்தேன். சீரமைப்பின்றி, அசர்ட்டுடன் 11 மணி. சீரமைப்பின்றி, அசர்ட் இன்றி 7 மணி. சீரமைப்புடன், அசர்ட்டும் இருக்க 3 மணி. சீரமைப்புடன், அசர்ட் இன்றி 1 மணி 10 நிமிடம். பிழைதேடும் தொகுப்பு மெதுவாக ஓடுவதற்கு அசர்ட்டையே பழிப்பது வழக்கம். என் வழக்கில் பெரும்பழி சீரமைப்பு இன்மைக்கே உரியது. இவ்விரண்டும் வேறு வேறு விசைகள். ஜிசிசி தொகுப்பியில் சீரமைப்பைக் கூட்டுவதால் மட்டும் அசர்ட் மறையாது.

எஞ்சிய 1 மணி 50 நிமிடம் யார் வாங்கிய கூலி? எல்லாக் காவலாளிகளும் ஒரே கூலி வாங்குவதில்லை. ஓர் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்பது ஒரே ஓர் ஒப்பீடு. எப்போதும் ஒரே விடை வருவதால், இன்றைய செயலி அதை முன்கூட்டியே ஊகித்துக் கடந்துவிடும். உட்சுழலில் வைத்தால் மட்டும், பல எண்களை ஒருங்கே கணக்கிடும் வழியைத் தொகுப்பி கைவிட நேரலாம். வேறு சில, காக்கும் பொருளைவிடக் கூலி மிகுந்தவை. அகரவரிசையில் உள்ள 10 லட்சம் பெயர்களில் ஒன்றை, பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் 20 ஒப்பீடு போதும். தேடுமுன் பட்டியல் வரிசையில்தான் இருக்கிறதா என்று காவலாளி பார்த்தால் 9,99,999 ஒப்பீடு! என் நிரலிலும் இத்தகையவர் மூவர் இருந்தனர்.

எஸ்க்யூலைட் தரவுத்தள நிரலில் அசர்ட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றை இயக்கினால் ஏறத்தாழ மூன்று மடங்கு மெதுவாகிறது என்று அதன் ஆசிரியர்களே எழுதியுள்ளனர். ஆகவே வெளியிடும்போது அணைத்துவிடுகின்றனர். இதற்கு மாறாக, 1980இல் தூரிங் விருதுரையில் டோனி ஹோர் சொன்ன செய்தி ஒன்றுண்டு. 1960களில் எலியட் கணிப்பொறிக்கு அவர் குழு அமைத்த அல்கால் தொகுப்பி, அணிகளின் எல்லையை ஒவ்வொரு முறையும் சோதித்தது. வேகத்துக்காக அதை அணைக்கும் வசதி வேண்டுமா என்று பின்னர் கேட்டபோது, வாடிக்கையாளர் அனைவரும் ஒருமனதாக வேண்டாம் என்றனராம். அன்றைய பொறியின் ஒவ்வொரு நொடியும் விலைமிக்கதாயிருந்தும் அவ்வாறு சொன்னார்கள் என்பது எனக்கு வியப்பே.

இப்போது அந்த மூவரையும் தனி விசையின்கீழ் வைத்து, 1000 அடிக்கு ஒருமுறை மட்டும் எழுப்புகிறேன். மற்றவர்கள் எப்போதும் விழித்திருக்கிறார்கள். ஓட்டம் 1 மணி 20 நிமிடத்தில் முடிகிறது. பழைய சுருக்கத்தைத் திரும்பப் பெற்று, புது வரைபடத்துடன் அனுப்பியபோது கெடுவுக்கு ஒரு நாள் மிச்சமிருந்தது.