இடுப்பு வலிக்கு மனநல சிகிச்சையா?

கேள்வி: நான்கு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. மனநல நிபுணரைப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். என் வலி வெறும் கற்பனையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இல்லவே இல்லை. உங்கள் வலி நிஜம். 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைப் பயமும் தூக்கமின்மையும் கூட்டும். ‘குனிந்தால் முதுகு போய்விடும்’ என்று பயந்து படுத்தே இருந்தால் தசை தளரும், வலி ஏறும். இந்தச் சுழலை உடைப்பதுதான் மனநல நிபுணர்கள் தரும் சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை). எந்த வேலையில், எந்த எண்ணத்தில் வலி கூடுகிறது என்று நோட்டில் எழுதச் சொல்வார்கள். பாத்திரம் தேய்க்க 10 நிமிடம் நின்றால் வலிக்கிறதா? 7 நிமிடத்தில் உட்காருங்கள். பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வலி முழுதாக மறையாமல் போகலாம். ஆனால் அன்றாட வேலைகள் மறுபடி கைக்கு வரலாம். டாக்டர் தந்த மாத்திரை ஏதும் சாப்பிட்டு வந்தால், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநல நிபுணரைத் தயங்காமல் போய்ப் பாருங்கள்.