கால் மரத்துப் போனால் கண்ணுக்கு வேலை அதிகம்



மேல்பட்டாம்பாக்கத்தில் நம் குழு உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வரவில்லை. சந்தாவை மட்டும் மகளிடம் கொடுத்தனுப்பினார். வழக்கப்படி அபராதம் போட்டோம். "கடன் வாங்கும்போது மட்டும் வரத் தெரியுதா" என்று பேச்சும் கிளம்பியது. வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"பகல்ல நல்லாத்தான் நடக்கறேன். பொழுது சாஞ்சா காலை எங்க வைக்கிறேன்னே தெரியல. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு. நீங்க ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம் போடறீங்க. ரெண்டு தடவ விழுந்துட்டேன்" என்றார்.

அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். இது சோம்பலும் இல்லை, வெறும் வயசுக் கோளாறும் இல்லை. நரம்பு பாதிப்பு.

நாம் விழாமல் நிற்க மூன்று துணை வேண்டும். ஒன்று கண், ஒன்று காதின் உட்பகுதி, மூன்றாவது பாதத்திலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்பு. சர்க்கரை பல வருடம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும். அதனால்தான் கால் விரலில் ஆரம்பிக்கிறது. மூன்று பேர் தூக்கும் மூட்டையில் ஒருத்தி கையை விட்டால் மற்ற இருவர் சமாளிப்பார்கள் அல்லவா? பகலில் கண் அப்படிச் சமாளிக்கிறது. இருட்டிலோ, சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதோ அதுவும் கைவிட்டு விடுகிறது.

செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடக்கிறீர்களா? உள்ளங்காலில் எரிச்சல், ஊசி குத்தல் உண்டா? முகம் கழுவும்போது தள்ளுகிறதா? உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலைக் காட்டுங்கள். சர்க்கரை மட்டும் காரணம் என்று இருக்காது. பி12 சத்துக் குறைவு, குடி, தொழுநோய் ஆகியவையும் நரம்பைக் கெடுக்கும். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குளறினாலோ காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரையால் கெட்ட நரம்பு பெரும்பாலும் பழையபடி திரும்புவதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் கெடுவதைக் குறைக்கலாம். முழுசாகக் குணமாக்கும் என்று விற்கிற தைலத்துக்காக உள்கடன் வாங்காதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்து போகும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் சேர்ந்து, தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாததால்தான் காலில் புண் மேல் புண் வருகிறது என்று எடுத்துக் காட்டினார். சர்க்கரைக்காரர்களுக்கும் அதே கதைதான். கரும்பு வெட்டிய கொல்லையில் கட்டை குத்தினாலும் தெரியாது. ஆகவே வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு நல்லது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். உட்கார்ந்து குளியுங்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் சற்று உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். கைத்தடி பிடிக்க வெட்கம் வேண்டாம். தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு உயரம் இருக்க வேண்டும், பலமில்லாத காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் காலுக்குப் பலம் தரும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்யுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்களாக நம்மைப் போன்ற குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அப்படி ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

நாங்கள் கூட்டத்தை மாலை நாலு மணிக்கு மாற்றி விட்டோம். அவர் வீட்டுத் திண்ணையில்தான் கூடுகிறோம். நான்கு கூட்டத்து அபராதத்தையும் திருப்பிக் கொடுத்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம்.