உச்சிமேட்டுக் கலைப்பொருள்கள்

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குத் தெற்கே அமைந்துள்ளது வெம்பக்கோட்டை. பட்டாசும் தீப்பெட்டியும் செய்து வாழ்வோர் மிகுந்த கரிசல் வட்டாரம் அது. அவ்வூரை அடுத்த விசயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில், உச்சிமேடு என மக்கள் வழங்கும் பெரிய மண்மேடு ஒன்று உளது. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் அதனை அகழத் தொடங்கினர். முதற்கட்ட அகழாய்வில் மட்டும் 3000க்கும் மேற்பட்ட பொருள்கள் வெளிப்பட்டன. 2023, 2024ஆம் ஆண்டுகளிலும் அகழாய்வு தொடர்ந்தது. கிடைத்த பொருள்களை மக்கள் காணுமாறு அவ்வூரிலேயே கண்காட்சியும் அமைக்கப்பட்டது.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திற்குச் செல்வோர் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை நிமிர்ந்து நோக்கி வியப்பர். உச்சிமேட்டுப் பொருள்களையோ குனிந்து நோக்குதல் வேண்டும். பல உள்ளங்கையில் அடங்குவன. சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், தக்களிகள், கண்ணாடி மணிகள் எனப் பலவும் அவற்றுள் உள. எனினும், முதலிற் காணத்தக்கவை சங்கு வளையல்களே.

சங்கு மன்னார் வளைகுடாவில் விளைவது. வைப்பாறும் அக்கடலிலேயே சென்று கலக்கின்றது. சங்கறுப்போர் சங்கின் உள்ளே திருகி நிற்கும் தண்டினை நீக்குவர். பின்னர் வாளால் குறுக்கே வட்டம் வட்டமாக அறுப்பர். அவ்வட்டங்களைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவர். அதன் பின்னரே பூவும் கொடியுமாகிய வேலைப்பாடு தொடங்கும். கை சிறிது தவறினும் வளை முறிந்து, அதுகாறும் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

உச்சிமேட்டில் அழகு நிறைந்த வளையல்களோடு, முறிந்தனவும் வேலை முற்றாதனவும் கிடைத்துள்ளன. இவற்றை எளியனவென்று ஒதுக்குதல் ஆகாது. நிறைவுற்ற வளையலைப் பிறவூரில் விலைகொடுத்தும் வாங்கியிருக்கலாம். பாதியில் நின்ற வளையலை எவர் வாங்குவர்? ஆதலின், சங்கறுப்போர் இம்மேட்டிலேயே அமர்ந்து தொழில் செய்தனர் என்று கூற அத்துண்டுகளே சான்றாகின்றன.

2024ஆம் ஆண்டில் சூதுபவளக் கல் ஒன்று வெளிப்பட்டது. திமிலோடு கூடிய காளையின் உருவம் அச்சிறு கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. சூதுபவளம் குசராத்துப் பகுதியில் மிகுதியாகக் கிடைப்பது. கரிசல் மண்ணுக்கு உரியதன்று. தொலைநாட்டு வணிகம் இவ்வாற்றங்கரையை எட்டியிருந்ததை அக்கல் புலப்படுத்துகின்றது.

மழைக்குப் பின் மேட்டில் மின்னும் மணியை ஒருவர் எடுத்துச் சென்று வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மணியின் அழகு குறையாது. ஆயின் அஃது எந்த அடுக்கில், எவ்வெப் பொருள்களோடு கிடந்தது என்னும் செய்தி அன்றே அழிந்துபோம். நுண்கற்கருவிகளும் நாயக்கர் காலச் செப்புக்காசும் இதே மேட்டிற் கிடைத்தவை. அவற்றிடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன. ஆகவே, அகழ்வோர் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி, சல்லடையில் சலித்து, ஒவ்வொரு பொருளும் கிடைத்த குழியையும் ஆழத்தையும் அவ்வப்பொழுதே ஏட்டில் குறித்து வைக்கின்றனர்.