இயந்திரமும் படமும்

கேள்வி: பதுளை வைத்தியசாலைக்குக் கணினிவழிக் கதிர்ப்படக் கருவிகள் வாங்கத் திட்டமிடுகையில் எதை முதலில் கவனிக்க வேண்டும்? (வாசகர், பசறை)

பதில்: லுணுகலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, ஒருநாள் பேரை, அதாவது நாட்கூலியை, இழந்து, எக்ஸ்ரே உறை மழையில் நனையாதபடி சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பஸ்ஸேறி வரும் சிரமத்தை நீக்குவதே இம்முதலீட்டின் பிரதான பிரயோஜனம் ஆதலால், இயந்திரத்தின் விலையை மட்டும் விசாரிப்பது போதாது. இயந்திரம் ஏறக்குறையப் பத்தாண்டில் பழையதாகிவிடும். படங்களோ நோயாளியின் ஆயுள் முழுதும் தேவைப்படலாம். ஆகவே, 1993 முதல் டைகொம் என வழங்கும் சர்வதேச நியமத்துக்கு அமைந்து, வேறு கம்பெனியின் கருவியிலும் திறக்கக்கூடிய படங்களையே ஒப்பந்தத்தில் நிபந்தனையாக்க வேண்டும். ஒரு சீ.டீ. பரிசோதனையே நூற்றுக்கணக்கான படங்களைத் தருமாகையால், சேமிப்புக்கும் பராமரிப்புக்கும் வருஷந்தோறும் நிதி ஒதுக்காமல் கருவி வாங்குவது வீண் செலவே. தியத்தலாவை, வெலிமடை வைத்தியசாலைகளையும் பதுளையுடன் படங்களைப் பகிரும் ஒரே வலையமைப்பில் இணைக்குமாறு சுகாதார அமைச்சுக்கு உங்கள் ஊர்ச் சங்கங்கள் இப்போதே மனுச் செய்யட்டும்.